ஆட்டிடம் பேசத் தடையில்லை

பொம்மனஹள்ளி, பெங்களூர்,
2-10-1996, புதன்.

அன்புள்ள ரூபினிக்கு,

ஷங்கர் எழுதுவது. நானும் மகாவும் சௌக்கியம். நீ அங்கே பம்பாயில் சௌக்கியமாக இல்லை என்று உன் கடிதமே சொல்லிவிட்டதால் அதைத் தனியாக விசாரிக்கவில்லை.

கடிதம் திங்கட்கிழமை வந்தது. தசரா விடுமுறை முடிந்ததும் துறைத் தலைவரைப் பார்த்து, எம்.எட். படிப்பை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ‘பெற்ற பெண்ணுக்கே என் குரல் தெரியவில்லை, ஊரார் பிள்ளைகளுக்காக ஸ்பெஷல் எஜுகேஷன் படித்து என்ன ஆகப் போகிறது’ என்று கேட்டிருக்கிறாய். கேட்ட கையோடு அடுத்த வரியில் பருப்பு டப்பாவில் வண்டு வந்துவிட்டதா என்றும் விசாரித்திருக்கிறாய். வண்டு வந்துவிட்டது. மற்றதற்குத்தான் இந்தக் கடிதம்.

இன்று காந்தி ஜெயந்தி, கம்பெனி லீவு. காலையிலிருந்து எழுதுகிறேன், கிழிக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் வாசலுக்குப் போய் மகாவைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வருகிறேன். நாளை எனக்கு செகண்ட் ஷிப்ட். காலையில் போஸ்டாபீஸ் திறந்ததும் இதை ஸ்பீடு போஸ்டில் போட்டுவிடுவேன். முழுக்கப் படிக்காமல் அங்கே யாரிடமும் எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே. கூடவே ஒரு கேசட் வைத்திருக்கிறேன். அதைக் கடிதம் படித்த பிறகுதான் கேட்க வேண்டும். டீச்சரம்மாவுக்கே இவன் உத்தரவு போடுகிறானே என்று நினைக்காதே. ஜூனிலிருந்து இந்த வீடு உன் உத்தரவில்தான் ஓடுகிறது, ஒரு நாள் நானும் போட்டுப் பார்க்கிறேன்.

சொல்ல வேண்டியதில் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. நீ கோபப்படும்படியான செய்தியும் ஒன்று இருக்கிறது. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் தாள் கிழிகிறது.

முதலில் வீட்டு விஷயம். மகாவுக்குச் சளி போய்விட்டது. இரவில் நன்றாகத் தூங்குகிறாள். உன் பச்சைப் புடவையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்கிறாள், துவைக்க எடுத்தால் விடுவதில்லை. ஓசூர் ரோட்டில் மறுபடி எதற்கோ பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். பொம்மசந்திராவுக்கு கம்பெனி பஸ் நகர்ந்து நகர்ந்து போவதற்குள் பாதிப் பேர் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுகிறார்கள். குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். உன் அண்ணன் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து போனார். நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, ரூபினி எப்போது வருவாள் என்று உடனே கேட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கிளினிக்கில் டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். அஞ்சு வயதாகியும் குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை என்றால், வீட்டில் தமிழ், வாசலில் கன்னடம், எதிர்வீட்டில் உருது, டி.வி.யில் இந்தி என்று எல்லாம் கலந்து விழுவதுதான் காரணம், ஒரே மொழியைப் பிடியுங்கள், ஸ்பெஷல் ஸ்கூல் எல்லாம் இங்கிலீஷ்தான், அதனால் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், வேறு ஒரு சொல் காதில் விழக்கூடாது என்றார். நீயும் சரி என்றாய். அங்கே உன் பேராசிரியர் அம்மாவும் அதையே சொல்கிறார் என்று எழுதினாய். நானும் தலையாட்டினேன். நான் எந்தக் கல்லூரியைக் கண்டேன், மறுத்துப் பேச?

ஆனால் என் இங்கிலீஷ் எது என்று உனக்குத் தெரியும். டார்கெட், ரிஜெக்‌ஷன், ஓவர்டைம், கேட் பாஸ். இதை வைத்துக்கொண்டு ஒரு பெண் குழந்தையிடம் என்ன பேசுவது? கம். சிட். ஈட். குட் கேர்ள். அவ்வளவுதான். காலையில் அவளை எழுப்புவதிலிருந்து படுக்க வைப்பது வரை ஏதோ பரேடு நடத்துகிற மாதிரி இருந்தது. மாதாமாதம் உனக்கு அனுப்பிய கேசட்டுகளில் என்ன இருந்தது என்று நினைத்துப் பார். பந்தைக் காட்டி பால், பால், ஸே பால் என்று நான் கத்துவதும், கடைசியில் நான் பெருமூச்சு விடுவதும்தான். உன் பேராசிரியர் அதைக் கேட்டுவிட்டு, தொடருங்கள் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அவருக்குப் பொறுமை அதிகம்.

ஆகஸ்டில் ஒருநாள் மகா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். ரத்தம். ஓடிப்போய்த் தூக்கினேன். ‘வலிக்குதா கண்ணு’ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். விழுங்கிவிட்டு அதற்கு இங்கிலீஷில் என்ன என்று தேடுகிறேன், ரூபினி. பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அலறுகிறாள், நான் மனதுக்குள் டிக்‌ஷனரியைப் புரட்டிக்கொண்டு நிற்கிறேன். ‘பெயினிங்?’ என்று கண்டுபிடித்துக் கேட்பதற்குள் அவள் அழுகையை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. உனக்கு எழுதவும் இல்லை.

என் கதையாவது வீட்டுக்குள். வெளியே நடந்தது இன்னும் மோசம். நீ பம்பாய்க்குக் கிளம்பும்போது லைனில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் போய், மகா காதில் விழும்படி தமிழோ கன்னடமோ பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாய் அல்லவா? பாவம், எல்லாரும் நல்லவர்கள், சொன்னபடியே செய்தார்கள். குழாயடியில் ஐந்து குடும்பம் ஐந்து விதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். மகா வாசலில் கால் வைத்தால் போதும், யாரோ சைகை காட்டுவார்கள், எல்லா வாயும் மூடிக்கொள்ளும். குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். அவள் நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். அப்புறம் உள்ளே வந்துவிடுவாள். பேசுங்கள் என்று நானே சொல்லிவிடலாமா என்று பல தடவை நினைத்தேன். ஆனாலும் டாக்டர் சொன்னது, நீயும் சொன்னது.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்கிற பாஞ்சாலியக்காவுக்குத்தான் பெரிய தண்டனை. பூக்கட்டும்போதும் பேசிக்கொண்டே கட்டுகிற மனுஷி. அவருக்கு இங்கிலீஷில் தெரிந்தது ‘ஸாரி’யும் ‘டேங்க்ஸு’ம்தான். பிள்ளையிடம் பேசவே மாட்டேன் என்று உன்னிடம் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தவர்.

போன மாதம் கம்பெனியில் கரண்ட் போய், மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தால், வீட்டுக்குப் பின்புறத்திலிருந்து அக்காவின் குரல் கணீரென்று கேட்கிறது. ‘வந்தியாடி ராணி, எங்கடி போன இந்நேரம்? பசிக்குதா? இந்தா, துன்னு. வெயிலு கொளுத்துது பாரு, இப்டி நெழலுக்கு வாயேண்டி.’ எட்டிப் பார்த்தேன். அக்கா புதிதாக ஒரு ஆடு வாங்கியிருக்கிறார், ராணி என்று பேர். மகா அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்காவின் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம். நாங்கள் இத்தனை மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருப்பது எதற்கு, இப்படிக் கெடுத்துவிட்டீர்களே என்று கத்திவிட்டேன்.

அக்கா அசரவில்லை. ‘ஏன் தம்பி, கொயந்தகிட்டதான பேசக்கூடாதுன்னே? நான் ராணிகிட்ட பேசினு இருக்கறேன். ஆட்டுகிட்ட பேசறதுக்கும் டாக்டரு சீட்டு எழுதணுமா?’ என்று கேட்டார். கேட்டுவிட்டு ஆட்டின் பக்கம் திரும்பி, ‘நீயே சொல்லுடி, நான் ஒன்ன வுட்டு வேற யாருகிட்டயாச்சும் பேசினேனா?’ என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்ததும் கோபம் எங்கேயோ போய்விட்டது. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாசல் நிறைய வாய்கள் மூடிக் கிடக்கும்போது, இந்த ஒரு இடத்திலாவது பிள்ளையின் காதில் ஏதோ விழுகிறதே என்று பேசாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். நீ கோபப்படுவதானால் இங்கே பட்டுக்கொள். அடுத்த பாராவில் உனக்கு நேரம் இருக்காது.

போன சனிக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்தேன். மகா கேட்டுக்குப் பக்கத்தில் ராணியின் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள். வழக்கமாக அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், டிபன் கேரியர் பையைத்தான் பார்ப்பாள், உனக்குத் தெரியும். அன்றைக்கு முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, ‘வந்தியாடி’ என்றாள்.

ஆமாம் ரூபினி. நம் மகள். என்னைப் பார்த்து.

பெற்ற அப்பனை டி போட்டுக் கூப்பிட்ட மகளைக் கட்டிக்கொண்டு அழுதவன் இந்த பெங்களூரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அவளோ என்னை விலக்கிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டாள். காதில் சரியாகத்தான் விழுந்ததா, நானாக நினைத்துக்கொண்டதா என்று அன்று முழுக்கச் சந்தேகம். ‘சொல்லு சொல்லு’ என்று பிடுங்கி எடுக்க நாக்கு துடித்தது. அப்போதுதான் ஜூலையில் நீ எழுதியது நினைவுக்கு வந்தது. வகுப்பில் அன்று படித்ததாக எழுதியிருந்தாய்: வார்த்தையைக் குழந்தையின் வாயில் திணிக்காதே, வாய்ப்பைக் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திரு, மௌனத்துக்குப் பயந்து நீயே பதில் சொல்லிவிடாதே என்று. ‘பால்’ சொல்லிக் கொடுத்தபோதெல்லாம் நான் ஒருநாளும் காத்திருந்ததில்லை. அவள் வாயில் எடுத்துச் சொல்ல அந்தச் சொல் அவளிடம் இருந்ததா என்றும் எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்து பார்த்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, பையையும் எடுத்துக்கொண்டு, வெளியே போய்த் திரும்பி வந்தேன். கேட்டைத் திறந்துவிட்டு ஒன்றும் பேசாமல் புருவத்தைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஒன்றுமில்லை. மறுபடி போனேன், வந்தேன். மறுபடியும். வீட்டுக்காரர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ‘ஏன் ஷங்கர், ஏனாத்ரூ களெது ஹோய்தா?’ என்று கேட்டார், ஏதாவது தொலைத்துவிட்டாயா என்று. ஆமாம் சார், தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அடுத்த தடவை கேட்டைத் திறந்தபோது மகா சிரித்தாள். என்னைக் காக்க வைத்து, என் புருவம் நோகும்வரை பார்த்துவிட்டு, அப்புறம் சொன்னாள். ‘வந்தியாடி.’

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். பிறகு ஆட்டைப் பிடித்துத் திட்டினார், எங்களிடம் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று. அன்றிலிருந்து நான் தினமும் பத்துத் தடவை வீட்டுக்கு வருகிறேன்.

கேசட்டில் இருப்பது இதுதான். நடுவில் ஆட்டோ சத்தமும் ஆடு கத்துவதும் இருக்கும். பொறுமையாகக் கேள், இரண்டு இடத்தில் தெளிவாக விழும். அதில் ஒரு இங்கிலீஷ் சொல்கூடக் கிடையாது. பேராசிரியர் அம்மாவுக்குப் போட்டுக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

எல்லாம் தமிழால்தான் என்று நான் சொல்ல வரவில்லை. தமிழா, ஆடா, தானாகவே வயது வந்து வந்ததா, எனக்கு எப்படித் தெரியும்? நீ காத்திருக்கச் சொல்லி எழுதியிருக்காவிட்டால் அந்த ஒரு சொல்லையும் நானே கத்திக் கெடுத்திருப்பேன். அதனால் படித்து என்ன ஆகப் போகிறது என்று என்னிடம் கேட்காதே. அந்த டாக்டர் சொன்னது சரியா தப்பா என்று அங்கே இருந்து கேள். லைப்ரரியில் தேடு. இல்லையென்றால் நீயே நாலு பிள்ளைகளைப் பார்த்து எழுது. அதைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆள் நம் லைனில் நீதான். நீ மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டால் யார் கேட்பது, ராணியா?

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று கிளினிக்கில் நீ உள்ளே சீட்டு வாங்கிக்கொண்டிருந்தாய். வெளியே பெஞ்சில், ஜீவனஹள்ளியிலிருந்து வந்த ஒரு பெண் பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். அவளுக்கும் அதே உத்தரவு. என்னைப் படித்தவன் என்று நினைத்துக்கொண்டு, ‘அண்ணா, சாப்புடு கண்ணுன்றதுக்கு இங்கிலீஷ்ல இன்னா சொல்லணும்?’ என்று கேட்டாள். ஈட் என்றேன். ‘அதுல கண்ணு எங்கண்ணா இருக்குது?’ என்றாள். நான் ஈட் என்பதையே இன்னொரு தடவை சொன்னேன். ‘அப்ப நான் வாய மூடிக்கினே ஊட்டறேன், வுடுங்க’ என்றாள்.

அவள் பெயர்கூட நான் கேட்கவில்லை. சனிக்கிழமையிலிருந்து அவள் ஞாபகமாகவே இருக்கிறது. மிஷினில் நிற்கும்போதும் அவள்தான் வருகிறாள். இந்நேரம் ஜீவனஹள்ளியில் எங்கேயோ வாயை மூடிக்கொண்டு சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பக்கத்து வீட்டில் ஆடு இருக்கிறதோ இல்லையோ. நான் போய்ச் சொன்னால், நீ யார் என்று கேட்பார்கள். நீ படித்து முடித்துவிட்டு வந்து சொன்னால் கேட்பார்கள். அந்த டாக்டரும் கேட்பார். கேட்காவிட்டால் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திரு, நான் லீவு போட்டுவிட்டுக் கூட வருகிறேன்.

கடைசியாக, உன் குரல் விஷயம். மைக்கேல்ராஜ் எஸ்.டி.டி. பூத்தில் ரிசீவரை மகா காதில் வைத்தால் அவள் உடனே என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள், அம்மாவை மறந்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். நீ அதில் என்ன பேசினாய்? ‘ஹலோ மகா, மம்மி ஹியர், ஹவ் ஆர் யூ’ என்று பேசினாய். எனக்கே யாரோ பேங்க் மேனேஜரம்மா பேசுவது போல இருந்தது. அவள் மறக்கவில்லை. யாரோ வேற்று ஆள் என்று நினைத்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். குளிப்பாட்டும்போது நீ சொம்பை அவள் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ‘ஊத்தவா? ஊத்தவா?’ என்று கேட்டுக்கொண்டே நிற்பாய், அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தோளைத் தூக்கிக்கொண்டு சிரிப்பாள், ஞாபகம் இருக்கிறதா? காத்திருப்பதை பம்பாய்க்குப் போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா உனக்கு? அந்தக் குரல்தான் அவளுக்குத் தெரியும். புடவையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குகிறவள் எதை மறந்தாள்?

இந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு பூத்தில் இருப்போம். ஹலோ வேண்டாம், மம்மி வேண்டாம். ‘ஊத்தவா?’ என்று மட்டும் கேள். கேட்டுவிட்டுக் காத்திரு. மீட்டர் ஓடுகிறதே என்று பார்க்காதே. எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருக்கிறது. உன் குரல் கேட்டதும் அவள் தன்னிடம் இருக்கிற அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவாள், ‘வந்தியாடி’ என்று. அதற்கு என்ன பதில் சொல்வது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். ஏப்ரலில் வருகிறேன் என்றால் அவளுக்குப் புரியாது. கதவு திறந்ததா இல்லையா என்பது மட்டும்தான் அவளுக்குப் புரியும். நீ என்ன வேண்டுமானாலும் சொல், அழுவதானாலும் அழு, ஆனால் தமிழில் சொல். அதற்காக ரயில் மட்டும் ஏறிவிடாதே. பரீட்சையை முடித்துக்கொண்டு வா.

உடம்பைப் பார்த்துக்கொள். ஹாஸ்டலில் சப்பாத்தி பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே. நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியும். பாஞ்சாலியக்கா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னார், ராணியின் பேரிலும் சேர்த்து.

நீ வருகிற அன்றைக்குக் கேட்டருகே நின்று ‘வந்தியாடி’ என்று கேட்க இந்த வீட்டில் இன்னொரு ஆளும் இருக்கிறான். ஏப்ரல் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருப்பான், கவலைப்படாதே. இந்த நாலு மாதத்தில் அவனுக்கு அது நன்றாகப் பழகிவிட்டது.

உன்,
ஷங்கர்